கட்டை தூங்குகிறான்

அண்ணன் படுத்தால் தூங்கிவிடுவான். படுக்காவிட்டாலும் தூங்கிவிடுவான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி தூங்குவான். முடிவெட்டும் நாற்காலியில் தூங்குவான். ஒருமுறை பல் டாக்டரிடம் வாயைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறான். வீட்டில் அவனுக்குக் கட்டை என்று பெயர். கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் கண் மூடியிருக்கும். "போட்டோக்காரர் மேல தப்பில்ல. நான் கட்டிக்கிட்டதே அப்படி" என்பாள் அண்ணி.

அப்படிப்பட்டவனின் தங்கை தூக்கத்தை ஆராய்ச்சி செய்கிறவள் ஆனாள். சின்ன வயதில் அவனை எழுப்பும் வேலை அவளுடையது. காதருகே போய் ரீங்காரம் போடுவாள். அதனால் அவளுக்குக் கொசு என்று பெயர். "ஒருத்தன் தூங்குறான், இன்னொருத்தி அதைப் பார்த்துச் சம்பளம் வாங்குறா. நான்தான் ரெண்டுங்கெட்டான்" என்பார் அப்பா, இருந்தவரை.

தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோய் அவளுடைய துறை. அது இரண்டு விதமாக வரும். ஒன்றில் தொண்டை அடைத்துக்கொள்ளும். குறட்டை வரும், திணறல் வரும், வீடே விழித்துக்கொள்ளும். மற்றதில் தொண்டை திறந்தேதான் இருக்கும். மூச்சு விடு என்று சொல்ல மூளை மறந்துவிடும். மார்பு அப்படியே நிற்கும். சத்தமே இருக்காது. பிறகு மூளைக்கு ஞாபகம் வந்து, சின்னதாக ஓர் இழுப்பு, மறுபடி தொடங்கும். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. முதல் வகை, கதவை உடைத்துக்கொண்டு வருகிற திருடன். இரண்டாவது வகையிடம் சாவி இருக்கிறது.

பதிவுகளைக் கேட்கும்போது அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. காதில் ஹெட்போன். கேட்கிற ஆளோடு சேர்ந்து அவளும் மூச்சு விடுவாள். அந்த ஆள் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள். தன் நெஞ்சு கெஞ்சத் தொடங்கும் இடத்தில் குறியிடுவாள். கருவிகள் எண்ணிச் சொல்வதைவிட இது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. ஆய்வகத்தில் அவளோடு வேலை பார்க்கும் டெக்னீஷியன், நோயாளிகளின் தலையில் ஒயர் ஒட்டுகிறவர், யாராவது அந்த நேரத்தில் போனில் கூப்பிட்டால், "மேடம் முங்கியிருக்காங்க, வெளிய வந்ததும் சொல்றேன்" என்பார்.

அவள் செய்த பெட்டி சோப்பு டப்பா அளவுதான். தலைமாட்டில் வைக்க வேண்டும். உள்ளே ஒரு மைக். மூச்சு சீராக இருந்தால் பச்சை விளக்கு. நின்றுபோனால் சிவப்பு, கூடவே தெருவுக்கே கேட்கும் அலறல். ஆய்வகத்துக்கு வந்து உடம்பெல்லாம் ஒயரோடு படுக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே காவல். பதினோரு வீடுகளில் அதைச் சோதனைக்குக் கொடுத்திருந்தாள்.

எது நல்ல தூக்கம் என்று பெட்டிக்கு யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும், குழந்தைக்கு நிறம் சொல்லிக்கொடுப்பதுபோல. முதல் பாடத்துக்கு அவள் போய் நின்ற இடம் அண்ணன் வீடு. ஒரு வாரம் அவன் தலைமாட்டில் மைக் வைத்தாள். ஒயர் ஒட்டவில்லை. நன்றாகத் தூங்குகிறவன் என்று ஊரே சொல்லும் ஒருவனுக்கு எதற்கு ஒயர்? கைப்புண்ணுக்குக் கண்ணாடியா? முழுப் பதிவையும் எடுத்து, 'சீரான தூக்கம்' என்று பெயரிட்டுப் பெட்டிக்கு ஊட்டினாள். பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒயர் ஒட்டினார்கள், ஒவ்வொரு மூச்சையும் சோதித்தார்கள். முதல் பதிவு மட்டும் அடியில் அப்படியே இருந்தது. அஸ்திவாரத்தை யார் தோண்டிப் பார்ப்பார்கள்?

அண்ணன் கிரேன் ஓட்டுகிறவன். இரும்புக் கிடங்கில், உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு நாள் மாலையில் ஷிஃப்ட் முடிந்து ஏணியில் இறங்கும்போது கடைசிப் படிகளில் கால் தவறி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

"என்ன ஆச்சுண்ணா?"

"என்னமோ கண்ணு இருட்டிச்சு. அப்புறம் பாத்தா தரை மூஞ்சிக்கிட்ட இருக்கு."

"ஏணியிலயும் தூங்கிட்டீங்களா?" என்றாள் அண்ணி. வலியோடு வலியாக அவனும் சிரித்தான். தங்கையும் சிரித்தாள்.

மறுநாள் காலையில் அறுவைசிகிச்சை. காலில் தகடு வைத்தார்கள். அவளுடைய ஆய்வகம் இருந்த மருத்துவமனையேதான். ஆய்வகம் பழைய கட்டடத்தின் அடித்தளத்தில், அறை புதிய கட்டடத்தின் ஆறாவது மாடியில். மயக்கம் தெளிந்து அவனை அறைக்குக் கொண்டுவந்தபோது கையில் ஓர் ஊசி, அதற்கு ஒரு பம்ப், பம்பிலிருந்து ஒயரில் தொங்கும் ஒரு பித்தான். வலித்தால் நோயாளி அழுத்த வேண்டும். கொஞ்சம் மருந்து இறங்கும். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். விரலில், ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் கிளிப். அவள் தன் பெட்டியை எடுத்துவந்து தலைமாட்டில் வைத்தாள்.

"இது என்ன மேடம்?" என்றாள் நர்ஸ்.

"மூச்சு நின்னா கத்தும் சிஸ்டர்."

"நாங்களும்தான் கத்துறோம். எங்களுக்கு யாரும் விளக்கு வைக்கல."

"இந்த மருந்து மூச்சை மட்டுப்படுத்தும். அதனால ஒரு கூடுதல் காவல். இது பச்சையா இருக்கிற வரைக்கும் பயமே இல்ல."

அதை நர்ஸிடம்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவள் அண்ணி.

அண்ணன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். "இதுக்கு நான்தானே வாத்தியார்?"

"நீதாண்ணா முதல் வாத்தியார்."

"அப்ப எனக்கு எதுக்குடி காவல்? என் பிள்ளை என்னைக் காட்டிக் குடுக்குமா?" என்றான். அடுத்த வார்த்தைக்கு முன் தூங்கிப்போனான். பெட்டியில் பச்சை எரிந்தது. அவள் வேலைக்குக் கீழே இறங்கினாள்.

அன்று ஆய்வகத்தில் ஒரு பேக்கரிக்காரர் படுத்திருந்தார். இரவெல்லாம் அடுப்பு, பகலில் தூக்கம். அதனால் அவருக்குப் பகலிலேயே சோதனை. ஜன்னலில்லாத அறை, கறுப்புத் திரை, தலை முதல் கால் வரை ஒயர். பக்கத்தில் பெட்டியும் ஒன்று. இரண்டையும் ஒப்பிடுவதற்காக. மதியம் தாண்டி அவர் எழுந்து, ஒயர் பிடுங்கிய இடங்களைத் தேய்த்துக்கொண்டு கிளம்பினார்.

டெக்னீஷியன் திரையைத் திருப்பிக் காட்டினார். "மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க."

மேல் வரிசையில் ஒயர்கள் எழுதியது. மூச்சுக் கோடு அலையாக ஏறி இறங்கி, பிறகு நேர்கோடு. மறுபடி அலை. மறுபடி நேர்கோடு. சத்தமில்லாத வகை, சந்தேகமே இல்லை. கீழ் வரிசையில் பெட்டி எழுதியது. ஆரம்பம் முதல் கடைசிவரை பச்சை.

"பேட்டரி இருந்துச்சா?"

"இருந்துச்சு. மைக்கும் நல்லாத்தான் கேட்டிருக்கு. கேட்டுட்டுத்தான் பச்சை போட்டிருக்கு. வேலையில இருந்துக்கிட்டே தூங்கியிருக்கு, என்னை மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. கேட்காமல் விட்டிருந்தால் செவிட்டுத்தனம், சரிசெய்யலாம். கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லியிருக்கிறது. அப்படியானால் இதைச் சரி என்று யாரோ அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

பெட்டியிடம் அதைக் கேட்க வழி இருந்தது. ஒரு நேர்கோட்டைத் தேர்ந்து, இது உனக்குக் கற்றுக்கொடுத்த பதிவுகளில் எதைப்போல இருக்கிறது என்று கேட்டால் எண்ணைச் சொல்லும். கேட்டாள். 1 என்றது. வேறொரு நேர்கோட்டைக் காட்டினாள். 1. கடைசியில் இருந்த ஒன்றைக் காட்டினாள். அதற்கும் 1.

"ஒண்ணு யாரு மேடம்? நான் வர்றதுக்கு முன்னாடி எடுத்ததா?"

"எங்க அண்ணன்."

"கட்டையா?" என்றார் டெக்னீஷியன். அந்தப் பெயர் ஆய்வகம்வரை வந்திருந்தது.

அவள் ஹெட்போனை மாட்டினாள். அந்தப் பதிவை அவள் ஒருமுறைகூட முழுக்கக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதே இல்லை. நடுவில் ஓரிடத்தில் தொட்டாள்.

மின்விசிறியின் சத்தம். அண்ணி புரண்டு படுக்கும் சத்தம். அண்ணனின் மூச்சு, சின்ன வயதிலிருந்து தெரிந்த மூச்சு. அவளும் சேர்ந்து விட்டாள். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுச் சிறிதாக. பிறகு மின்விசிறி மட்டும்.

அவளும் நிறுத்தினாள்.

மின்விசிறி சுற்றியது. தெருவில் ஏதோ வண்டி வந்து, கடந்து, தேய்ந்து போயிற்று. அவள் நெஞ்சு முதலில் கேட்டது, பிறகு கெஞ்சியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காதில் ரத்தம் அடித்தது. இன்னும் மின்விசிறிதான். அவளால் முடியவில்லை, வாயைத் திறந்து காற்றை விழுங்கினாள். அதற்கும் வெகு நேரம் கழித்துத்தான் அண்ணனின் பக்கத்திலிருந்து அந்தச் சின்ன இழுப்பு வந்தது.

வேறு இடத்தைத் தொட்டாள். அங்கும் இருந்தது. வேறு நாள். அங்கும்.

தன்னிடம் வரும் ஒவ்வொரு நோயாளியிடமும் அவள் கேட்கும் முதல் கேள்வி: பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறீர்களா? ஆம் என்றால் அவர்கள் இரவில் தூங்கவில்லை என்று அர்த்தம். படுத்த உடனே தூங்குகிறவன் நன்றாகத் தூங்குகிறவன் அல்ல, தூக்கத்துக்குப் பட்டினி கிடக்கிறவன். இதை அவள் மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். பாடம் எடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய், சோற்றுத் தட்டின் முன் அவன் தூங்கி விழுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். ஏணியிலும் தூங்கினாயா என்றதற்கும் சிரித்தாள்.

பம்பிலிருந்து தொங்கும் பித்தான் நினைவுக்கு வந்தது. மறக்கிற மூளையை இன்னும் மறக்கவைக்கும் மருந்து. தலைமாட்டில் காவலுக்கு அவனிடமே பாடம் படித்த பெட்டி.

அண்ணியின் போனுக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. ஆறாவது மாடி நர்ஸ் மேசைக்கு அடித்தாள். பிஸி. மறுபடி அண்ணி. எடுக்கவில்லை. சத்தத்தில் அவன் விழித்துவிடக் கூடாது என்று அண்ணி போனை ஊமையாக்கியிருப்பாள். அண்ணி அப்படிப்பட்டவள்.

"நர்ஸ் மேசைக்கு அடிச்சுக்கிட்டே இருங்க. கிடைச்சதும் ஆறாவது மாடி, கால் ஆபரேஷன், அந்த ஆளை எழுப்பச் சொல்லுங்க."

"எழுப்பவா?"

"எழுப்பணும். அடிச்சாவது எழுப்பணும்."

படியேறி, இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் உள்ள வாகன நிறுத்தத்தைக் கடந்தாள். ஒரு காரின் குறுக்கே ஓடியதில் அது ஹார்ன் அடித்தது. புதிய கட்டடத்தில் லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றிருந்தது. யாரோ சக்கரப் படுக்கையை ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். படிக்கட்டில் ஏறினாள். இரண்டு மாடிக்கு மேல் அவள் மூச்சே அவளிடம் இல்லை. இத்தனை வருடம் அடுத்தவர் மூச்சைக் குறித்துவைத்தவளுக்குத் தன் மூச்சு இவ்வளவு சத்தமானது என்று தெரியாது. அந்தச் சத்தத்துக்கு அடியில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அண்ணியின் கையெழுத்து: 'தூங்குகிறார். சத்தம் வேண்டாம்.'

உள்ளே திரை இழுத்துவிட்டிருந்தது. அண்ணி நாற்காலியில் இருந்தாள். அவளைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள். மறுகையில் பித்தான்.

"அண்ணி, அது ஏன் உங்க கையில?"

"ஷ்ஷ். பாவம், முனகினார். வலியில முழிச்சிடப் போறார்னு நான்தான் அப்பப்ப அழுத்திவிட்டேன்." பெட்டியைக் கண்ணால் காட்டினாள். "பச்சைதானே? அதைப் பாத்துப் பாத்துத்தான் அழுத்தினேன்."

பச்சைதான். விரல் கிளிப்பின் திரையில் தொண்ணூற்றாறு. மூக்கில் ஆக்ஸிஜன் ஓடும்போது அந்த எண் இறங்க நேரம் பிடிக்கும். இறங்கும்போது படியில் இறங்காது, கிணற்றில் விழும். அண்ணன் மல்லாந்து கிடந்தான். முகம் அமைதியாக இருந்தது. போர்வை அவன் மார்பின் மேல் அசையாமல் இருந்தது.

அவள் மூச்சைப் பிடிக்கவில்லை. பிடிக்க அவளிடம் எதுவும் இல்லை.

"அண்ணா." தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணா. எழுந்திரு."

"ஏய், என்ன பண்ற?" அண்ணி அவள் கையைப் பிடித்தாள். "இப்பத்தான் நிம்மதியா..."

"அண்ணி, மூச்சு இல்ல."

"பச்சை எரியுதே."

"பொய் சொல்லுது. நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

அண்ணியின் கை தளர்ந்தது. தங்கை பம்பை நிறுத்தினாள். சுவரில் இருந்த சிவப்புப் பித்தானை அழுத்தினாள். அண்ணனின் நெஞ்செலும்பில் முட்டியை வைத்து, கல்லில் அரைப்பதுபோல அரைத்தாள். கல்லும் எழுந்துவிடும் வலி அது. அவன் எழவில்லை. உதட்டோரம் நீலம். திரையில் எண் தொண்ணூறு, எண்பத்தேழு. தாடையைத் தூக்கிப் பிடித்தாள். அவன் காதருகே குனிந்தாள்.

"அண்ணா, மூச்சு விடு. உள்ள இழு. நான் சொல்றேன்ல, இழு."

நர்ஸ் ஓடிவந்தாள். ஒரு பார்வை போதுமாக இருந்தது. சுவரிலிருந்த மூச்சுப் பையை எடுத்து, அதன் முகமூடியை அவன் முகத்தில் அழுத்தி, கையால் காற்றை அமுக்கினாள். மார்பு ஏறியது. விட்டாள், இறங்கியது. மயக்க மருந்து டாக்டர் வந்தார், செருப்பில்லாமல். வலிமருந்தின் வேகத்தை முறிக்கும் மருந்தை ஊசியில் ஏற்றினார். எல்லோரும் நர்ஸின் கையையே பார்த்தார்கள். அமுக்கினால் அண்ணன் இருந்தான். விட்டால் இல்லை.

"நிறுத்துங்க, பாக்கலாம்" என்றார் டாக்டர்.

நர்ஸ் கையை எடுத்தாள். அறையில் ஒரு சத்தம் இல்லை. ஐந்து பேர் இருந்த அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

பிறகு அந்தச் சின்ன இழுப்பு. பிறகு இன்னொன்று. அவன் இமை நடுங்கியது. உதடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

"போ கொசு," என்றான்.

அடுத்த கணம் வலி அவனைப் பிடித்தது. முறிவு மருந்து வலிமருந்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஆறாவது மாடி முழுக்கக் கேட்கும்படி அலறினான். தாய்மேல், கிரேன்மேல், ஏணி செய்தவன்மேல் எல்லாம் வசவு. அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அலறலை அவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அவனை அமைதியாக இருக்கச் சொல்லவில்லை.

தலைமாட்டில் பெட்டி சிவப்பாகி ஊளையிடத் தொடங்கியது. இத்தனை சத்தம் அது படித்த பாடத்தில் இல்லை. அவள் அதன் பேட்டரியைப் பிடுங்கினாள்.

டாக்டர் கேட்டதற்கெல்லாம் வெளியே நின்று பதில் சொன்னாள். மறைக்கவில்லை. அவர் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு கீழே டெக்னீஷியனுக்குப் போன் செய்தாள்.

"இருக்கார்" என்றாள்.

"சரி மேடம். பதினோரு வீட்டுக்கும் அடிச்சுக்கிட்டிருக்கேன். பெட்டியை நம்ப வேண்டாம், அணைச்சுடுங்கன்னு சொல்றேன். பத்துப் பேர் எடுத்தாங்க."

"பதினொண்ணாவது?"

"அடிக்குது. எடுக்கல. ஓய்வு பெற்ற தபால்காரர், தனியா இருக்கிறவர். நான் வண்டியை எடுத்துக்கிட்டு நேரா போறேன்."

அவள் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் இன்னும் அந்தப் பித்தானின் தடம் இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் அண்ணி. "நீ அப்ப வீட்டுல மைக் வச்சியே, அந்த வாரம். நான் உங்கிட்ட சொன்னேன். சில நேரம் இவர் பக்கத்துல படுத்திருந்தா ஆளே இல்லாத மாதிரி இருக்குன்னு. மூச்சே கேக்கலன்னு."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். நீ சிரிச்ச. குறட்டை விடாத புருஷனுக்காகக் கவலைப்படுற பொம்பளை உலகத்துலயே நீங்கதான் அண்ணின்னு சொன்ன. நானும் சிரிச்சேன். படிச்சவ சொல்றா, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவளுக்கு அது நினைவில்லை. வேறு யார் யார் என்னென்ன சொன்னார்கள், எதற்கெல்லாம் சிரித்தோம் என்று யோசித்தாள்.

"பித்தானை அழுத்தினது நான்," என்றாள் அண்ணி.

"பச்சையைக் காட்டினது நான்."

கணக்கு எப்படிப் போட்டாலும் ஒருவருக்கும் மிச்சம் நிற்கவில்லை.

மாலையில் டெக்னீஷியன் கூப்பிட்டார். தபால்காரர் வீட்டுக் கதவை நெடுநேரம் தட்டியிருக்கிறார். ஜன்னலைத் தட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து பூட்டை உடைக்கக் கம்பியைச் செருகியபோது கதவு திறந்திருக்கிறது. "மத்தியானத் தூக்கம் தூங்க விடுறீங்களாடான்னு ஆரம்பிச்சார் மேடம். என் பரம்பரையையே இழுத்துட்டார். ஒரு வார்த்தை விடாம கேட்டுக்கிட்டு நின்னேன். அவ்வளவு சந்தோஷமா நான் திட்டு வாங்கினதே இல்ல."

அவள் சிரிக்கப் போனாள். வந்தது சிரிப்பு இல்லை.

மறுநாள் அண்ணனுக்கு முகமூடிக் கருவி வந்தது. மூக்கையும் வாயையும் மூடும். மூளை மறந்துவிட்டால் கருவியே ஒரு மூச்சைத் தள்ளும். அவள் அவன் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். அதுவே புதிது. முந்தைய நாளிலிருந்து அவன் கண்ணை மூடவில்லை. கண் சிவந்து, இமை கனத்து விழும், உடனே தலையை உதறி நிமிர்வான். பஸ் கம்பியில் தூங்கியவன், மெத்தையில் நிமிர்ந்து உட்கார்ந்து சுவரை முறைத்துக்கொண்டிருந்தான்.

"தூங்குண்ணா. மாட்டிக்கிட்டுத் தூங்கு."

"தூங்கினா?"

"நான் பாத்துக்கறேன்."

"நேத்தும் அப்படித்தான் சொன்ன."

அவன் தன் கைகளைப் பார்த்தான். "அந்தக் கூண்டுல உக்காந்து எத்தனை டன் இரும்பைத் தூக்கியிருக்கேன். கீழ ஆளுங்க நடந்துக்கிட்டு இருப்பாங்க. நடுநடுவுல எங்கயோ போயிட்டு வந்த மாதிரி இருக்கும். கொக்கி வேற இடத்துல நிக்கும். நான் அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்வேன் பசங்ககிட்ட. அவங்களும் சிரிப்பாங்க."

"இனிமே சிரிக்க மாட்டோம்."

"அதுவும் வேணாம். பயமா இருக்கு கொசு. அது எப்படி இருக்கும்னு சொல்லு. நிக்கும்போது."

அவள் யோசித்தாள். பாடத்தில் இருப்பதைச் சொல்லலாம். "எனக்குத் தெரியாதுண்ணா," என்றாள். "நான் வெளியிலிருந்துதான் கேட்டிருக்கேன். உன்னோட சேந்து பிடிச்சுப் பாத்தேன். என்னால உன் அளவுக்கு முடியல."

அவன் முகமூடியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டான். வார் காதில் சிக்கியது, அண்ணி எழுந்து சரிசெய்தாள். அறையில் யாரும் திரையை இழுக்கவில்லை. கதவிலிருந்த தாளை அண்ணி அன்று காலையிலேயே கிழித்துவிட்டிருந்தாள். தாழ்வாரத்தில் பாத்திரங்கள் உருண்டன, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அந்தச் சத்தம் எல்லோருக்கும் தேவையாக இருந்தது.

"கையைப் பிடிச்சுக்க," என்றான் முகமூடிக்குள்ளிருந்து. "விட்டு எங்கயும்..."

சொல்லி முடிக்கவில்லை. பழைய அண்ணனைப்போலவே, வாக்கியத்தின் நடுவில் போய்விட்டான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பட்டப்பெயரை அன்று யாரும் சொல்லவில்லை.

அவள் பார்த்தாள். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. சற்றுச் சிறிதாக. இன்னும் சிறிதாக. போர்வை அவன் மார்பில் அசைந்து, பிறகு நின்றது.

அவள் மூச்சைப் பிடித்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அண்ணியும் பிடித்தாள் என்பதைப் பார்க்காமலே தெரிந்துகொண்டாள். கருவியின் சின்னத் திரையில் ஒரு கோடு நேராக ஓடியது.

கருவி சீறியது. மார்பு ஏறியது.

இருவரும் மூச்சை விட்டார்கள். அண்ணி அவளைப் பார்த்தாள், இனி எவ்வளவு நாள் இப்படிக் காத்திருப்பது என்பதுபோல. அவள் கண்ணைத் திருப்பவில்லை. அண்ணனின் கை அவள் கைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. போர்வை இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள்.